பாடியவன் மறைந்தபின் மாலை

2024ஆம் ஆண்டு ஒக்ரோபர் 19ஆந் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ரொக் இசைப் புகழ் மண்டபத்தின் வருடாந்த விழா நடைபெற்றது. டிட்றொயிட் பிரதேசத்திலே தோன்றிய 'எம்.சி. 5' என்னும் ஐவர் குழுவும் அன்று கௌரவம் பெற்றது. பன்முறை பெயர் முன்மொழியப்பட்டும் ஏற்கப்படாதிருந்த குழு அது. அந்த ஐவருள் ஒருவர்தானும் அன்று உயிரோடில்லை. பாடகர் றொப் டைனர் 1991இல் மறைந்தார். பிரெட் சிமித் 1994இல். மைக்கேல் டேவிஸ் 2012இல். வெயின் கிரேமர் 2024 பெப்ரவரியில். விருது பற்றிய அறிவிப்பு வந்தபோது டெனிஸ் தொம்சன் ஒருவரே எஞ்சியிருந்தார். விழா வருமுன்னர், மே மாதத்தில், அவரும் போய்விட்டார். வாயிருந்த காலமெல்லாம் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள், வாய் மூடிய பின்னர் மண்டபத்துக்குள் அழைக்கப்பட்டனர்.

கலகக்காரன் இறந்தபின் அவனைப் போற்றுவது செல்வர்க்கு என்றுமே எளிது. இறந்தவன் மறுத்துப் பேசமாட்டான், கூலி கேட்கமாட்டான். ஆதலின் ஒரு கலைஞனை நினைவுகூர்வோர் யாவர், அவர்கள் எதை நினைக்கின்றனர், எதை வசதியாக மறக்கின்றனர் என்று கேட்க வேண்டியவர்களாயிருக்கிறோம். டைனரின் நினைவு இவ்வினாக்களை நம்முன் கூர்மையாக வைக்கிறது.

டைனர் 1944இல் டிட்றொயிட்டில் பிறந்தார். இயற்பெயர் றொபேட் டேர்மினர். கறுப்பின ஜாஸ் பியானோக் கலைஞரான மக்கோய் டைனர்மீது கொண்ட மதிப்பினால் அவர் பெயரையே தமக்குச் சூட்டிக்கொண்டார். அவரும் தோழர்களும் வளர்ந்த லிங்கன் பார்க், மோட்டார்த் தொழிற்சாலைகளை நம்பி வாழ்ந்த புறநகர். 'மோட்டார் நகரத்து ஐவர்' என்பதே குழுவின் பெயர்ப் பொருள். இயந்திரங்களின் இரைச்சலுக்குள் உழைத்தவர்களின் பிள்ளைகள் செவியைத் துளைக்கும் இசையை உண்டாக்கினார்கள் என்பதில் வியப்பில்லை. தமக்குத் தெரிந்த உலகத்தின் ஒலியையே அவர்கள் மேடைக்குக் கொண்டுவந்தனர்.

அந்த மேடை கிராண்டி நடன மண்டபம். 1966 ஒக்ரோபரில் அதனை இளைஞருக்கான இசையரங்காகத் திறந்தவர் றஸ் கிப் என்ற பாடசாலை ஆசிரியர் என்பதை நம் ஆசிரிய நண்பர்கள் கவனிப்பார்களாக. திறப்பு நாளன்றே எம்.சி. 5 அங்கு இசைத்தது. டைனரின் இளமைத் தோழரான கரி கிரிம்ஷோ சுவரொட்டிகளை வரைந்தார். 1965இல் தொடங்கிய 'பிப்த் எஸ்டேட்' போன்ற சிறு பத்திரிகைகள் பெரிய பத்திரிகைகள் கூறாதவற்றைக் கூறின. வானொலியின் தயவையும் கம்பனிகளின் முதலையும் எதிர்பாராது, ஒரு மண்டபம், ஓர் ஓவியன், ஒரு பத்திரிகை, நுழைவுச் சீட்டு வாங்கிய சில நூறு இளைஞர் ஆகியோரின் கூட்டு முயற்சியால் வளர்ந்ததே நிலத்தடி இசை எனப்பட்ட இயக்கம். பின்னர் 1970களின் நடுப்பகுதியில் 'பங்க்' என்ற பெயரில் எழுந்த இசைக்கு அது முன்னோடியாயிற்று. தனியொருவரின் மேதைமையைப் பாடும் விழாக்கள் இந்தக் கூட்டுழைப்பைக் கூறுவதில்லை.

அக்காலத்தையும் அவை கூறுவதில்லை. 1967 ஜூலையில் டிட்றொயிட்டின் கறுப்பின மக்கள் பொலிசாரின் கொடுமைக்கெதிராகக் கிளர்ந்தெழுந்தனர். ஐந்து நாட்களில் 43 பேர் மாண்டனர். 7,000க்கும் மேற்பட்டோர் கைதாயினர். அந்நிகழ்ச்சி பற்றி ஜோன் லீ ஹூக்கர் இசைத்தட்டில் பாடிய பாடலை எம்.சி. 5 தன் முதல் இசைத்தட்டிலேயே சேர்த்துக்கொண்டது. 1968 ஓகஸ்ட் 25ஆந் திகதி, ஜனநாயகக் கட்சியின் மாநாடு கூடவிருந்த சிக்காகோ நகரப் பூங்காவில், வியட்நாம் யுத்தத்தை எதிர்த்துத் திரண்ட இளைஞர் முன்னே அக்குழு இசைத்தது. வேறெந்த ரொக் குழுவும் அன்று அங்கு மேடையேறவில்லை. பொலிசாரின் தடிகளை எதிர்பார்த்து நிற்கும் கூட்டத்தின் முன்னே பாடுவது வேறு. குளிரூட்டப்பட்ட மண்டபத்தில் விருந்தினர் முன்னே பாராட்டப்படுவது வேறு.

இனி, சந்தை அவர்களை நடத்திய விதத்தைப் பார்ப்போம். 1968 ஒக்ரோபர் 30, 31ஆந் திகதிகளில் கிராண்டியிலே பதிவுசெய்யப்பட்ட 'கிக் அவுட் த ஜாம்ஸ்' என்ற இசைத்தட்டை எலெக்ட்ரா கம்பனி 1969இல் வெளியிட்டது. அதிலிருந்த ஒரு தூஷணச் சொல்லைக் காரணங்காட்டி டிட்றொயிட்டின் ஹட்சன்ஸ் பெருங்கடை அதனை விற்க மறுத்தது. இளைஞர்கள் அதே தூஷணத்தை அக்கடையின்மீதே ஏவி, கம்பனியின் இலச்சினையோடு நிலத்தடிப் பத்திரிகையில் விளம்பரம் செய்தனர். கடை எலெக்ட்ராவின் ஏனைய இசைத்தட்டுகளையும் அகற்றியது. கம்பனி குழுவையே அகற்றியது. தணிக்கை என்றதும் அரசாங்கத்தையே நினைக்கும் வழக்கம் நம்மிடமுண்டு. இங்கு எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை. ஒரு கடையின் அலமாரியும் ஒரு கம்பனியின் கணக்கேடும் போதுமானவையாயின. பின்னர் அத்திலாந்திக் கம்பனி இரு இசைத்தட்டுகளை வெளியிட்டது; அவை எதிர்பார்த்தவாறு விலைபோகவில்லை. 1972ஆம் ஆண்டின் முடிவோடு, ஒருகாலத்தில் தாம் நிறைத்திருந்த அதே மண்டபத்தில், மிகச் சிலர் முன்னே இறுதியாக இசைத்துக் குழு கலைந்தது.

முப்பது ஆண்டுகள் சென்றன. 2003இல் இலண்டனில் எஞ்சியிருந்த மூவரும் மீண்டும் மேடையேறியபோது, அந்நிகழ்ச்சிக்குப் பணம் கொடுத்தது லீவைஸ் ஆடைக் கம்பனி. குழுவின் பெயர் பொறித்த மேற்சட்டைகளும் விற்பனைக்கு வந்தன. முதிய கலைஞர் மூவர் கூலி பெற்றதை நாம் குறைகூற மாட்டோம், அவர்களுக்கும் வயிறுண்டு. ஆனால் அவர்களது சொல்லை விற்க அஞ்சிய அதே சந்தை, சொல் நீங்கிய சின்னத்தை விற்க அஞ்சவில்லை என்பதை மறந்துவிடலாகாது.

இவ்விடத்தில் நம் பக்கத்திலிருந்தே இரு குரல்கள் எழக்கூடும். "இதுவெல்லாம் சீரழிந்த முதலாளித்துவத்தின் இரைச்சல், தூஷணமும் போதையும் கலந்த இக்கூத்தில் முற்போக்காளருக்கு என்ன அக்கறை?" என்பது ஒன்று. இவ்வாறு கேட்போர், சுருதி சுத்தத்தையும் சொற்சுத்தத்தையுமே கலையின் அளவுகோலாகக் கொள்ளும் பண்டிதரோடு தம்மையறியாமலே கைகோத்து நிற்கின்றனர். போருக்கு அழைப்பாணை பெற்ற இளைஞனின் கோபம் இலக்கண சுத்தமாக வெளிவரும் என எதிர்பார்ப்பது அறியாமை. ஒரு சொல்லைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்ட நாகரிக சமுதாயம், வியட்நாமியக் கிராமங்களின்மீது குண்டு வீழ்ந்தபோது எத்தனை காலம் வாளாவிருந்தது? ஆபாசம் எங்கிருந்தது என்பதை வாசகரே தீர்மானிக்கட்டும்.

மற்றைய குரல் இரசிகருடையது. அவர்களுக்கு எம்.சி. 5 புரட்சியின் மறுபெயர். இதனையும் நாம் ஏற்பதற்கில்லை. குழுவின் நெறியாளரான ஜோன் சின்கிளேரும் தோழர்களும், கறுஞ்சிறுத்தைகளுக்கு ஆதரவாக 1968 நவம்பரில் வெண்சிறுத்தைக் கட்சியை அமைத்தனர். இசையும் போதையும் கட்டற்ற காமமும் சமுதாயத்தைக் கவிழ்த்துவிடும் என்று அவர்கள் நம்பினர். அதே ஆண்டில், அதே நகர்ப்புறத்தில், டொட்ஜ் மோட்டார்த் தொழிற்சாலையின் கறுப்பினத் தொழிலாளர் தமக்கென ஒரு புரட்சிகரத் தொழிற்சங்க இயக்கத்தைத் தொடங்கியிருந்தனர். வேகம் கூட்டப்பட்ட உற்பத்தி வரிசையை நிறுத்தும் வல்லமை அவர்களிடமிருந்தது. தொழிலாளரின் பிள்ளைகள் தந்தையரின் தொழிற்சாலை வாயிலை விட்டு விலகி, ஆன் ஆபர் நகரத்துக் கூட்டுமனையிலே புரட்சியைத் தேடினர். அம்மனையிலும் ஆண்கள் விடுதலை பேச, பெண்கள் சமைத்தும் மேடையுடை தைத்தும் வந்தனர். போதை யாரையும் விடுவிக்கவில்லை. அது கிரேமரையும் டேவிசையும் சிறைக்கே கொண்டுசென்றது.

எனினும், அவர்களது பிழையைச் சுட்டும்போது அரசு இழைத்த கொடுமையை மூடிவைப்பது நேர்மையாகாது. இரண்டு கஞ்சாச் சுருட்டுகளுக்காகச் சின்கிளேருக்கு 1969இல் ஒன்பதரை முதல் பத்தாண்டு வரையான சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 1971 டிசம்பர் 10ஆந் திகதி ஆன் ஆபரில் ஜோன் லெனன் முதலானோர் பங்குபற்றிய பெருங்கூட்டம் நடைபெற்ற மூன்றாம் நாள் அவர் வெளிவந்தார். வெண்சிறுத்தையினர் மீதான இன்னொரு வழக்கிலே, நீதிமன்ற ஆணையின்றி அரசு தொலைபேசியை ஒட்டுக்கேட்டது சட்டவிரோதமென 1972இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. வெறும் கூத்தென்றால் அரசு ஏன் ஒட்டுக்கேட்டது?

எனவே, நினைவுகூர்தலுக்கு இரசிகர்கள் தகுதியற்றவர்கள் என்பது எம் கருத்தன்று. செயலென்று வந்தபோது அவர்களே முதலில் வந்தனர். 1991 செப்டெம்பர் 17ஆந் திகதி, 46ஆம் வயதில், டைனர் தமது காரிலேயே மாரடைப்பால் இறந்தார். புகழ் மண்டபத்தின் கதவு அன்று திறக்கவில்லை. 1992இல் டிட்றொயிட்டின் ஸ்டேட் தியேட்டரில் அவரது குடும்பத்துக்கு நிதி திரட்டும் நினைவு நிகழ்ச்சி நடைபெற்றது. பிரிந்திருந்த நால்வரும் அவருக்காக ஒருமித்து இசைத்தனர். இளமையில் கிராண்டிக்குச் சீட்டு வாங்கியவர்களைப் போன்றோர் முதுமையை நெருங்கி மீண்டும் சீட்டு வாங்கினர். அக்காசு கண்ணாடிப் பேழைக்குள் போகவில்லை. ஒரு வீட்டின் அடுப்புக்குப் போயிற்று. சிறையிலிருந்து மீண்ட கிரேமர், 2009இல் பிரித்தானியப் பாடகர் பில்லி பிராக்குடன் இணைந்து, கைதிகளுக்குக் கித்தார்கள் வழங்கும் அமைப்பை அமெரிக்காவில் நிறுவினார். தாம் பட்ட துன்பத்தை இன்னொருவருக்குப் பயனாக்கிய அச்செயலையும் நாம் நினைவஞ்சலி என்றே கொள்கிறோம்.

இவ்விரு செயல்களையும் 2024ஆம் ஆண்டு விழாவுக்கு அருகில் வைத்துப் பார்த்தால், எது மரியாதை, எது வியாபாரம் என்பது விளங்கும். 2018இல் கிராண்டி மண்டபம் அமெரிக்காவின் வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டிற் சேர்க்கப்பட்டது. அப்போது அது பல்லாண்டு கைவிடப்பட்டுச் சிதைந்த கட்டடம். பதிவேட்டில் ஏறிய பெயர் கூரையின் ஓட்டையை அடைத்துவிடாது.

கலைஞனை மதிப்போர் அவன் உயிரோடிருக்கும்போது அவனுக்குரிய கூலியைக் கேட்கட்டும். அவன் சொல்லுக்குக் கடை கதவடைக்கும்போது அவன் பக்கம் நிற்கட்டும். அவன் தவறும்போது அவன் முகத்துக்கு நேரே கூறட்டும். இறந்த பின்னர், அவன் வாழ்ந்த காலத்தையும் செய்த பிழையையும் சேர்த்தே அடுத்த தலைமுறைக்குச் சொல்லட்டும். டைனர் நாற்பத்தாறு ஆண்டுகள் வாழ்ந்தார். மாலை சூட்டுவதற்கு அந்த நாற்பத்தாறு ஆண்டுகளும் போதியனவாயிருந்தன.