தியானம் நேற்று வந்ததல்ல

‘கோயில், காவடி, நேர்த்திக்கடன் எல்லாம் பழைய காலத்துச் சமாச்சாரம். இன்றைய ஆன்மிகம் தனிமனிதனின் உள்முகத் தேடல். பூசாரி வேண்டாம், சடங்கு வேண்டாம், பயம் வேண்டாம்.’ படித்தவர்கள் கூடும் இடங்களில் இந்தப் பேச்சு எதிர்ப்பே இல்லாமல் உலவுகிறது. திண்டிவனம் வட்டாரத்தில் இருந்துகொண்டு ஒருவர் இதைச் சொன்னால், கூட்டேரிப்பட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கும் மயிலத்தை அவர் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் சொல்வேன்.

முதலில் அந்த உள்முகத் தேடலை எடுத்துக்கொள்வோம். மயிலம் மலைமேல் இருக்கும் முருகன் கோயிலை நிர்வகிப்பது பொம்மபுர ஆதீனம். அது வீரசைவ மடம். வீரசைவத்தில் குரு தன் சீடனுக்குச் சிறிய லிங்கம் ஒன்றைத் தருகிறார். இட்டலிங்கம் என்பது அதன் பெயர். உயிர் உள்ளவரை அது உடம்பை விட்டு நீங்கக் கூடாது. பூசை நேரத்தில் அதை இடது உள்ளங்கையில் வைத்து, பார்வையை அதன்மேல் நிறுத்தி, மனத்தை ஒடுக்க வேண்டும். அர்ச்சகர் தேவையில்லை, நடை திறக்கும் நேரம் பார்த்துக் காத்திருக்கவும் வேண்டாம். பெண்களும் லிங்கம் தரிக்கலாம். பிறப்பு, இறப்பு, மாதவிலக்கு ஆகியவற்றால் வரும் தீட்டு லிங்கம் தரித்தவரை அண்டாது என்பது அந்தச் சமயத்தின் கொள்கை.

வீரசைவத் தலைவர் பசவண்ணர் காலத்தில், 12-ஆம் நூற்றாண்டில், கன்னட நாட்டில் பெருகிய இயக்கம் இது. 17-ஆம் நூற்றாண்டில் துறைமங்கலம் சிவப்பிரகாசர், வீரசைவ ஞானி அல்லமப் பிரபுவின் கதையைக் கன்னடத்திலிருந்து ‘பிரபுலிங்க லீலை’யாகத் தமிழில் பாடினார். அவர் குருவாக ஏற்றுப் போற்றியவர் பொம்மபுரத்துச் சிவஞான பாலைய சுவாமிகள். ஆகவே இடையில் ஆள் இல்லாத தனி வழிபாடு, செல்போன் தியானச் செயலியோடு இறக்குமதியான சரக்கு என்று யாரும் எண்ண வேண்டாம். அதைக் காத்து வந்த மடமே காவடி ஏறும் கோயிலையும் நடத்துகிறது. உள்ளங்கை லிங்கமும் தோள் காவடியும் ஒன்றுக்கொன்று பகை என்று மயிலத்துக்காரர்கள் நினைத்ததாகத் தெரியவில்லை. பகை என்பது நாம் புதிதாகக் கட்டிய கதை.

அடுத்து, ‘புதிய வழியில் சடங்கு இல்லை’ என்ற வாதம். அந்த ஆதீனத்தின் பழைய இருப்பிடமான பொம்மையபாளையம், ஆரோவில்லை ஒட்டிய கடலோர ஊர். 1968-இல் தொடங்கிய ஆரோவில்லின் நடுவே தியானத்துக்கான மாத்ரி மந்திர் நிற்கிறது. அங்கே பூ இல்லை, ஊதுவத்தி இல்லை, மந்திரம் இல்லை. ஆனால் உள்ளே போக முன்பதிவு வேண்டும். வெள்ளைக் காலுறை அணிய வேண்டும். வாய் திறக்கக் கூடாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. மனம் அடங்க உடம்புக்கு ஓர் ஒழுங்கு தேவை என்று அங்கேயும் தெரிந்திருக்கிறது. ஆரோவில் பிறக்கக் காரணமான புதுச்சேரி ஆசிரமத்தில் அரவிந்தர் சமாதியைத் தினமும் பூக்களால் அலங்கரிக்கிறார்கள். மக்கள் அதில் தலைவைத்து வணங்குகிறார்கள். மயிலம் கோயிலுக்குள் பாலசித்தர் சமாதி முன் நிற்பவரும் அதைத்தான் செய்கிறார். ஒன்றை ஆன்மிகம் என்றும் மற்றொன்றை மூடப்பழக்கம் என்றும் பிரிப்பது நியாயமா?

‘பயம்தான் காவடி தூக்க வைக்கிறது’ என்பது மூன்றாவது வாதம். பங்குனி உத்திரத்தன்று மலையடிவாரத்தில் நின்று பார்த்தால் இந்த எண்ணம் நிலைக்காது. மயிற்பீலி செருகிய காவடி, வாய்கட்டிய பால்சொம்பு, மஞ்சள் துணி, வெயிலில் காய்ந்த முகம். காவடி எடுப்பவர் மேல் அந்த வேண்டுதலை யாரும் சுமத்தவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட ஒரு ராத்திரியில் தானாக நேர்ந்துகொண்டிருப்பார். தானே விரதம் இருந்திருப்பார். கொஞ்சம் பயம் இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் பிள்ளை பிழைத்த நன்றிதான் அவரைப் படியேற்றுகிறது. வழியில் முகம் தெரியாத ஒருவர் நீர்மோர் கொடுக்கிறார். தனியறைத் தியானத்தில் இந்த மோருக்கு இடம் எங்கே?

‘பழமை அறிவுக்கு எதிரி’ என்ற வாதத்துக்கு நீண்ட பதில் வேண்டாம். பொம்மபுர மடம் 1938-இலேயே மயிலத்தில் தமிழ்க் கல்லூரி திறந்தது.

கடைசி வாதம் கனமானது. ‘கோயில் சாதி பார்க்கிறது.’ ஆம், பார்த்தது; பார்க்கிறது. இதே விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைவதை எதிர்த்துத் தகராறு மூண்டு, 2023-இல் அதிகாரிகள் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். இது வெட்கக்கேடு. மழுப்ப எனக்கு விருப்பமில்லை. சாதியை மறுத்துப் பிறந்த வீரசைவமே பல இடங்களில் ஒரு சாதியாக இறுகிப்போனதும் உண்மை.

ஆனால் இதற்கு ‘கோயிலை விட்டுவிடுங்கள், மூச்சைக் கவனியுங்கள்’ என்பது பதிலாகாது. மேல்பாதி மக்கள் தியான வகுப்பு கேட்கவில்லை. அம்மன் முன்னால் நின்று கும்பிடும் உரிமையைக் கேட்டார்கள். 2025 ஏப்ரலில் போலீஸ் பாதுகாப்போடு உள்ளே போய்க் கும்பிட்டும் விட்டார்கள். அத்தனை அவமானத்துக்குப் பிறகும் அவர்கள் விட்டுக்கொடுக்காத ஒன்றை, எந்த வாசலிலும் தடுக்கப்படாத நாம் காலாவதியான சரக்கு என்று தள்ளினால், கதவைச் சாத்தியவர்களுக்குத்தான் அது வசதி.