சீபீஆரா, ஹோர்னட்டா? ஒரு பழைய மாணவனுக்குப் பதில்



கட்டாரில் மூன்று வருடம் வேலை செய்துவிட்டுப் போன மாதம் ஊருக்கு வந்த பழைய மாணவன் ஒருவன் இன்பொக்ஸில் கேட்டிருந்தான்: "சேர், கையில கொஞ்சம் காசு இருக்கு. ஜொலிக்கு ஒரு பெரிய பைக் எடுக்கப் போறன். சீபீஆர் எடுக்கவா, ஹோர்னட் எடுக்கவா? பொடியன்மார் எல்லாரும் சீபீஆர்தான் எடுக்கச் சொல்றானுகள்."

அவனுக்கு எழுதத் தொடங்கிய பதில் நீண்டுவிட்டது. இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத இளைஞர்கள் ஊரில் குறைவு. அதனால் இங்கேயே போடுகிறேன்.

தெரியாதவர்களுக்காக முதலில் பெயர் விஷயம். ஸ்போர்ட்ஸ் பைக் என்றால் முன்னாலும் பக்கங்களிலும் பிளாஸ்டிக் கவர், தாழ்ந்த ஹேண்டில், டாங்கியில் நெஞ்சை வைத்துக் குனிந்து ஓடுவது. அந்தக் கவர் இல்லாமல், எஞ்சின் வெளியே தெரிய, நிமிர்ந்து உட்கார்ந்து ஓடுவது நேக்கட் பைக். நான் ஹோர்னட் வாங்கிய அன்று பக்கத்து வீட்டுத் தம்பி உம்மாவிடம் இந்தப் பெயரையும் அதன் அர்த்தத்தையும் சொல்லிவிட்டான். "அஸ்தஃபிருல்லாஹ்! படிப்பிச்சுக் குடுக்கிற புள்ள ஓடுற சாமானா இது?" என்றார் உம்மா. "வாப்பா இத்தனை வருஷமா ஓடின சீடி 125உம் நேக்கட்தான் உம்மா" என்றேன். வாப்பாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். தம்பி, ஜொலிக்கு என்றால் நேக்கட் எடு.

"சீபீஆர்தான் ஸ்பீட்" என்கிறார்கள். 1996 இல் வந்த ஹோர்னட் 250 இன் எஞ்சின், சீபீஆர் 250 ஆர்ஆர் எஞ்சினிலிருந்து எடுத்து மாற்றிச் செய்ததுதான். இரண்டும் 249 சீசீ, இரண்டும் நான்கு சிலிண்டர். ஆகவே எஞ்சினை வைத்து நீ தெரிவு செய்யவில்லை. உன் முதுகும் கழுத்தும் மணிக்கட்டும் எப்படி இருக்க வேண்டும் என்பதைத்தான் தெரிவு செய்கிறாய்.

கலாசாலையில் பயிற்சியில் இருந்த காலத்தில் எங்கள் பெச்சில் ஒருவனிடம் சீபீஆர் இருந்தது. ஒரு லீவுக்கு அவனும் நானும் கண்டிக்குப் போனோம். போகும்போது பிரச்சினை இல்லை. திரும்பி வரும்போது ஹுன்னஸ்கிரியைத் தாண்டி மஹியங்கனைப் பக்கம் இறங்கும் பதினெட்டு வளைவு இருக்கிறதே, அங்கேதான் வித்தியாசம் தெரிந்தது. இறக்கத்தில் ஒவ்வொரு தடவை பிரேக் பிடிக்கும்போதும் அவனுடைய முழுப் பாரமும் இரண்டு மணிக்கட்டிலும் வந்து விழுந்தது. நாலாவது வளைவில் நிறுத்திக் கையை உதறினான். எட்டாவதில் மறுபடியும் நிறுத்தினான். மஹியங்கனையில் பிளேன்ரீ குடிக்கும்போது கோப்பையைப் பிடிக்க முடியாமல் "மச்சான், கை போயிட்டு" என்றான். நான் அதே வளைவுகளை இரண்டாவது கியரில் தளும்பித் தளும்பி இறங்கி வந்திருந்தேன். அகலமான ஹேண்டில் என்பதால் லேசாகத் தள்ளினாலே பைக் திரும்பும். இன்னொரு தடவை மேலே போய் இறங்கலாமா என்று எனக்கு ஆசையாக இருந்தது. ஜொலி என்று நான் சொல்வது அந்த ஆசையைத்தான்.

நீ யூடியூபில் பார்க்கும் பெரிய பைக்குகளுக்கும் இதே கதைதான். யமஹா ஆர்6ஐ எடு. 599 சீசீ, கிட்டத்தட்ட 118 பரிவலு. ஆனால் அந்த வலு வருவது நிமிடத்துக்கு 14,500 சுற்றில். அதே கம்பனியின் நேக்கட் எம்டி-09, 2021 மொடல், 119 பரிவலு. அது வருவது 10,000 சுற்றில். இழுவையைப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் பெரிது. ஆர்6க்கு 10,500 சுற்றில் 61.7 நியூட்டன் மீற்றர். எம்டி-09க்கு 7,000 சுற்றிலேயே 93. விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் என்பதால் எண்களைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, மன்னித்துக்கொள். சுருக்கமாகச் சொன்னால், ஆர்6 தன் முழுச் சந்தோஷத்தையும் மேலே பூட்டி வைத்திருக்கிறது. முதல் கியரிலேயே மணிக்கு 100 கிலோமீற்றரைத் தாண்டும் பைக் அது.

இனி எங்கள் றோட்டைப் பார். ஊருக்குள் 50, ஊருக்கு வெளியே 70. இதுதான் சட்டம். அதிவேக நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதியே இல்லை. அப்படியென்றால் ஸ்போர்ட்ஸ் பைக் விழித்துக்கொள்ளும் வேகத்தை இந்த நாட்டில் எங்கே வைத்து ஓடுவாய்? கட்டுக்குருந்தையில் ரேஸ் ஓடுகிறவன் அதை வாங்கட்டும், நான் மறுக்க மாட்டேன். அந்த இடத்துக்கு அதைவிட நல்ல பைக் இல்லை. நீ ஓடப் போவது அக்கரைப்பற்று - பொத்துவில் றோட்டில். அறுவடைக் காலத்தில் பாதி றோட்டில் நெல் காயும். மிச்சப் பாதியில் மாடு படுத்திருக்கும். பொத்துவிலைத் தாண்டி லாகுகல பக்கம் போனால் யானை கடக்கும். குனிந்து படுத்து ஓடுகிறவன் இவற்றையெல்லாம் கடைசியாகத்தான் காண்பான். நிமிர்ந்து ஓடுகிறவனுக்கு முன்னால் போகிற ஓட்டோவுக்கு மேலாலும் றோட்டுத் தெரியும்.

"நேக்கட்டில் காற்று அடிக்குமே சேர்" என்பார்கள். அடிக்கும். 100 ஐத் தாண்டினால் கழுத்து நோகும், நெஞ்சில் ஆள் கைவைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். நான் அதைக் குறை என்று சொல்லமாட்டேன். கவருக்குப் பின்னால் ஒளிந்து ஓடும்போது 110 உம் 70 மாதிரித்தான் இருக்கும். நேக்கட்டில் 70 உம் 70 ஆகவே தெரியும். மீற்றரைப் பார்க்காமலே "போதும்டா" என்று உடம்பு சொல்லிவிடும்.

இதையெல்லாம் வைத்து நேக்கட் பாதுகாப்பான பைக் என்று மட்டும் விளங்கிக்கொள்ளாதே. இழுவை கூடிய பைக்கில் முன் ரயரைத் தூக்கி விழுந்தவர்களும் இருக்கிறார்கள். றோட்டில் விழுந்தால் கவர் இருந்த பைக்கா இல்லாத பைக்கா என்று தார் பார்க்காது.

சில பெரியவர்கள் என்னிடம் நேரடியாகவே கேட்டிருக்கிறார்கள், "ஒரு ஆசிரியர் பைக் ஜொலியைப் பற்றி எழுதலாமா? பொடியன்மார் கெட்டுப்போக மாட்டார்களா?" என்று. அவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். சில வருடங்களுக்கு முன் என் வகுப்பு இடாப்பில் ஒரு பெயருக்கு மேல் சிவப்புக் கோடு போட்டவன் நான். பதினோராம் ஆண்டு. லைசன்ஸ் எடுக்கும் வயதே இல்லை. இரவல் பைக், ஹெல்மட் இல்லை. ஜனாஸாவில் அவனுடைய வாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றார். இந்த நாட்டில் வருடத்துக்கு 2000 பேருக்கு மேல் றோட்டில் சாகிறார்கள். அதில் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள்தான் அதிகம்.

அந்தப் பிள்ளைக்கும் அவனுடைய கூட்டாளிகளுக்கும் நாங்கள் எல்லோரும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்: ஓடாதே, ஓடாதே. காலைக்கூட்டத்தில் நானும் சொன்னேன். ஒருவனும் கேட்கவில்லை. ஏனென்றால் ஜொலி என்றால் ஸ்பீட், ஸ்பீட் என்றால் ஜொலி என்று வேறு யாரோ அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அது பிழை என்று சொல்ல, பைக் ஓடத் தெரிந்த ஒருவரும் முன்வரவில்லை. நான் பைக்கை விரும்புகிறவன். 60 இல் ஓடியே முகம் முழுக்கச் சிரிப்போடு வீட்டுக்கு வருகிறவன். அதை வெளியே சொல்ல வேண்டியது என் பொறுப்பு என்று நினைக்கிறேன்.

கடைசியாக வாங்கும் விஷயம். 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய ஜப்பான் பைக்குகளின் விலை எங்கேயோ போய்விட்டது. ஆகவே பார்த்து வாங்கு. செசி நம்பரும் எஞ்சின் நம்பரும் புத்தகத்தோடு ஒத்துப்போகாவிட்டால் எவ்வளவு மலிவென்றாலும் திரும்பி வந்துவிடு. ரயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்தது. பூ நன்றாக இருந்தாலும் பழைய ரயர் பழையதுதான், முதல் வேலையாக மாற்று. இன்னொன்று, சீபீஆர் வாசலில் நின்ற இடத்தில் சாய்ந்தாலே கவர் வெடிக்கும். அதற்குப் பஞ்சிகாவத்தை முழுக்கத் தேடி அலைய வேண்டும். என் ஹோர்னட் இரண்டு தடவை சாய்ந்தது. ஒரு கண்ணாடியும் ஒரு கிளச் லீவரும் மாற்றினேன், அவ்வளவுதான்.

நான் சொல்வதை நம்பவேண்டாம். சனிக்கிழமை சுபஹுக்குப் பிறகு வீட்டுக்கு வா. என்னுடையதை எடுத்துக் கோமாரி வரைக்கும் ஓடிப்பார். கடல் காற்று அடிக்கும், றோட்டில் ஆள் இருக்காது, 60 க்கு மேல் போகாதே. திரும்பி வந்து பதில் சொல்.

ஹெல்மட் இல்லாமல் வந்தால் சாவி தரமாட்டேன்.

வஸ்ஸலாம்.