விதைக்கடையில் கிடைக்காத செடிகள்

வீட்டுத் தோட்டம் என்றவுடன் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது எது? ரோஜா, குரோட்டன்ஸ், மணி பிளாண்ட். கொஞ்சம் சமையல் ஆர்வமும் இருந்தால் தக்காளி, மிளகாய், கொத்தமல்லி. இவற்றை ஆசையாக வாங்கி வைப்பார்கள். அக்னி நட்சத்திரம் வந்ததும் தக்காளி வாடும், கொத்தமல்லி பூத்துவிடும், ரோஜாவில் பூச்சி விழும். "நமக்குக் கைராசி இல்லை" என்று சொல்லிவிட்டு, தொட்டிகளை மாடிப்படிக்குக் கீழே அடுக்கிவிடுவார்கள். பாவம், கைராசி என்ன செய்யும்? தவறு கையில் இல்லை, செடியைத் தேர்ந்தெடுத்ததில் இருக்கிறது.

அதே வீட்டின் மதில் சுவரைப் பாருங்கள். யாரும் ஒரு குவளை தண்ணீர் கூட ஊற்றாமல் பிரண்டை படர்ந்திருக்கும். பின்பக்க வேலியில் கோவைக் கொடி காய்த்துக்கொண்டிருக்கும். வெயிலோ மழையோ அவற்றுக்கு ஒன்றுதான். ஆனால் வருடத்துக்கு ஒருமுறை பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது முதலில் அரிவாள் விழுவது அவற்றின் மேல்தான்! நர்சரியில் காசு கொடுத்து வாங்கியதற்கு மரியாதை, தானாக வந்ததற்குக் "களை" என்ற பட்டம். காசு கொடுக்காமல் கிடைத்தால் மதிப்பும் இருக்காது போலும்.

சுவை, சத்து, சிக்கனம் ஆகியவற்றைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அதிகம் பேசப்படாத காரணம் இன்னொன்று இருக்கிறது. இந்தச் செடிகளில் பெரும்பாலானவை விதையால் அல்ல, தண்டால் பெருகுபவை. பளபளப்பான பாக்கெட்டில் போட்டு அலமாரியில் அடுக்கிவைக்க முடியாது. எனவே விதை நிறுவனங்களுக்கு இவற்றில் லாபம் இல்லை. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு, ஒரு துண்டுத் தண்டாக, கைமாறித்தான் இவை இத்தனை காலம் வந்திருக்கின்றன. அந்தச் சங்கிலி ஒரு தெருவில் அறுந்துவிட்டால், அந்தத் தெருவில் அந்தச் செடி முடிந்தது. ஆக, இவற்றைக் காப்பாற்ற வேண்டியது வீட்டுத் தோட்டம்தான்.

1. பிரண்டை

திராட்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். நான்கு பட்டையாக, கணுக்கணுவாக இருக்கும் தண்டு. இரண்டு கணு உள்ள துண்டை மண்ணில் செருகினால் போதும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும். தண்ணீரைத் தண்டிலேயே சேமித்துக்கொள்வதால் கோடை விடுமுறைக்கு ஒரு மாதம் ஊருக்குப் போய் வந்தாலும் உயிரோடு இருக்கும்.

கல்லூரியில் தாவரவியல் படிக்கும் மாணவர் இதை "சிஸ்ஸஸ் குவாட்ராங்குலாரிஸ்" என்று ஹெர்பேரியம் ஏட்டில் எழுதி மதிப்பெண் வாங்குகிறார். விடுதிச் சுவரில் தொங்குவதும் அதே செடிதான் என்பது அவருக்குத் தெரியுமா என்றால் சந்தேகம்தான்!

பிரண்டை மேல் உள்ள ஒரே புகார் அரிப்பு. தண்டில் உள்ள ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள்தான் காரணம். அதற்கும் பாட்டிமார்கள் வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, நுனிப் பக்கத்து இளம் கணுக்களை மட்டும் எடுத்து, நார் உரித்து, நல்லெண்ணெயில் நன்றாக வதக்கி, புளி சேர்த்துத் துவையல் அரைக்க வேண்டும். அவசரப்பட்டு அரைகுறையாக வதக்கினால் நாக்கு ஞாபகப்படுத்தும். அப்பள மாவில் பிரண்டைச் சாறு சேர்ப்பதும் பழைய வழக்கம். திவசச் சமையலில் பிரண்டை ஒன்றே முந்நூறு காய்கறிக்குச் சமம் என்று கணக்கு வைத்திருந்தார்கள். அந்தக் கணக்கு வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று அதை வெட்டிக் குப்பையில் போடுகிறார்கள்.

2. கொடிப்பசலை

பாலக் கீரை குளிரை விரும்பும் செடி. தமிழ்நாட்டு வெயிலில் அது சீக்கிரமே பூவெடுத்து வீணாகும். ஆனால் மாடித் தோட்டம் போடுகிறவர்கள் முதலில் வாங்குவது பாலக் விதையைத்தான். கொடிப்பசலைக்கோ வெயில்தான் விருப்பம். ஒரு சாண் தண்டை ஈர மண்ணில் நட்டால் சில நாட்களில் வேர் விடும். ஜன்னல் கம்பியில் ஏற்றிவிட்டால் திரைச்சீலை மாதிரி நிழலும் கிடைக்கும், பறித்த இடத்தில் மறுபடி துளிரும் விடும். பச்சைத் தண்டு, சிவப்புத் தண்டு என்று இரண்டு வகை உண்டு. கருநீலப் பழத்தை நசுக்கினால் வரும் ஊதாச் சாயத்தில் மை செய்து விளையாடாத கிராமத்துக் குழந்தைகள் குறைவு.

இலை கொழகொழப்பாக இருக்கிறது என்று சிலர் ஒதுக்குகிறார்கள். பாசிப்பருப்புடன் கூட்டாகச் செய்தாலோ, முழு இலையை மாவில் தோய்த்து பஜ்ஜி போட்டாலோ அந்தக் குறை தெரியாது. வெண்டைக்காயை விரும்பிச் சாப்பிடுகிறவர்கள் கொழகொழப்பைக் குறை சொல்வது நியாயமே இல்லை!

3. லச்சகெட்ட கீரை

பழைய பங்களாக்களின் முன்புறம் வெளிறிய மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில், பெரிய இலைகளோடு ஒரு சிறு மரம் நிற்குமே, அதுதான். நச்சுக்கொட்டைக் கீரை என்றும் சொல்வார்கள். யாழ்ப்பாணத்தில் சண்டி. அங்கே சண்டி இலையில் வறை செய்வது சாதாரண வீட்டுச் சமையல். இங்கேயோ பல வீடுகளில் இதை அழகுக்காக மட்டும் வைத்திருக்கிறார்கள். வாசலில் கீரை மரம் நிற்க, அதைத் தாண்டிப் போய்க் கீரைக்கட்டு வாங்கி வருகிறார்கள்!

ஒரு கிளையை வெட்டி நட்டால் வளரும். வருடம் முழுவதும் இலை தரும். பருப்புடன் வேகவைத்துக் கூட்டாகவோ, பொடியாக நறுக்கித் தேங்காயுடன் பொரியலாகவோ செய்யலாம். பெயர்தான் கொஞ்சம் சங்கடமானது. குணத்தில் ஒரு குறையும் இல்லை.

4. கோவை

கதாநாயகியின் உதட்டைக் கோவைப்பழம் என்று வர்ணிக்கத் தெரிந்த ஊரில், கோவைக்காயைக் கடையில் கிலோ கணக்கில் வாங்குகிறார்கள். வேலியில் தானாக முளைக்கும் கோவை பெரும்பாலும் கசக்கும் என்பது உண்மைதான். ஆனால் கசக்காத காய் தரும் கொடியிலிருந்து பென்சில் பருமனுள்ள தண்டை வெட்டி நட்டால், அதே கசக்காத காய்தான் வரும். இங்கே ஒரு நுணுக்கம். கோவையில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. விதையிலிருந்து முளைப்பது எதுவாக இருக்கும் என்று சொல்ல முடியாது. பல மாதம் வளர்த்துவிட்டுப் பூ மட்டும் பூத்தால் ஏமாற்றம்தான். காய்த்துக்கொண்டிருக்கும் கொடியிலிருந்து தண்டு வாங்க வேண்டும். அதற்குக் காய்க்கும் கொடி வைத்திருக்கும் ஒருவரைத் தெரிந்திருக்க வேண்டும்!

5. சிறகு அவரை

இது விதையால் வளர்வது. ஆனாலும் பெரும்பாலான விதைக்கடைகளில் கிடைப்பதில்லை. காயின் நான்கு ஓரங்களிலும் சிறகு போல விளிம்பு இருக்கும். குறுக்கே நறுக்கினால் நட்சத்திரம் மாதிரி தெரியும். இளங்காய், இலை, பூ, முற்றிய விதை, கிழங்கு எல்லாமே உண்ணத் தக்கவை. முற்றிய விதையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு புரதம், ஏறக்குறைய சோயாவுக்குச் சமம். 1975-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் இந்த ஒரு செடிக்காகவே தனி அறிக்கை வெளியிட்டது. வெப்பமண்டல நாடுகளின் புரதப் பஞ்சத்தைத் தீர்க்கும் என்று அப்போது பெரிய நம்பிக்கை இருந்தது.

அந்த நம்பிக்கை ஏன் நிறைவேறவில்லை? கொடி ஏறப் பந்தலோ கொம்போ வேண்டும். எல்லாக் காயும் ஒரே நேரத்தில் முற்றாது, கையால் பலமுறை பறிக்க வேண்டும். நூறு ஏக்கர் பண்ணைக்கு இது பெரிய தலைவலி. ஆனால் ஒரு வீட்டுக்கு? கொடி ஏற மாடிக் கம்பி இருக்கிறது. தினம் நான்கு காய் கிடைப்பது வசதிதானே தவிர, குறை அல்ல. பண்ணையில் தோற்றதற்கான அதே காரணங்களால் வீட்டுத் தோட்டத்தில் ஜெயிக்கக்கூடிய செடி இது. விதைத் தோல் கடினமாக இருப்பதால் ஓர் இரவு ஊறவைத்து நட வேண்டும். பகல் பொழுது குறையும்போதுதான் பூக்கும் என்பதால், ஆடியில் விதைப்பது நல்லது.

ஒரு எச்சரிக்கை

இந்த மாதிரிச் செடிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, ஒவ்வொன்றையும் சர்வரோக நிவாரணி ஆக்கிவிடுவது. "இதைத் தின்றால் சர்க்கரை போகும், அதைக் குடித்தால் எலும்பு கூடும்" என்று வாட்ஸ்அப்பில் வந்தபடி இருக்கிறது. இது செடிக்குச் செய்யும் உதவி அல்ல, துரோகம்.

தவசிக்கீரையை எடுத்துக்கொள்ளுங்கள். "மல்டி வைட்டமின் கீரை" என்ற பட்டப்பெயரோடு வலம் வரும் இதுவும் தண்டு நட்டால் வளரும் அருமையான வேலிச் செடிதான். மலேசியாவில் முட்டையோடு வதக்கிச் சாப்பிடுகிறார்கள். ஆனால் 1990-களின் நடுவில் தைவானில் உடல் எடை குறையும் என்று நம்பி இதைப் பச்சையாக அரைத்துத் தினமும் சாறாகக் குடித்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு நுரையீரலின் சிறு காற்றுக்குழாய்கள் சுருங்கி அடைபட்டன. அந்தப் பாதிப்பு திரும்பச் சரியாகாதது. சிலர் உயிரையே இழந்தார்கள். சமைத்து எப்போதாவது ஒரு பிடி உண்டவர்களுக்கும், மருந்து என்று நினைத்துப் பச்சையாகத் தினம் குடித்தவர்களுக்கும் உள்ள வித்தியாசம் அது.

ஆகவே கீரையைக் கீரையாக மட்டும் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். அளவோடு, சமைத்து, மாற்றி மாற்றிச் சாப்பிட வேண்டும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் ஆக்சலேட் அதிகமுள்ள பிரண்டை, பசலை போன்றவற்றை மருத்துவரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுவது நல்லது. இன்ன செடி என்று உறுதியாகத் தெரியாத எதையும் படத்தைப் பார்த்து மட்டும் பறித்துச் சமைக்கக் கூடாது. அடையாளம் காட்டத் தெரிந்தவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.

அந்த ஒருவர் யார்?

பெரும்பாலும் வீட்டில் உள்ள வயதானவர்தான். எந்தக் கணு இளசு, எந்தக் கொடி கசக்கும், எதை எவ்வளவு நேரம் வதக்க வேண்டும் என்பதெல்லாம் பாடப்புத்தகத்தில் இல்லை. அந்தப் பாட்டியோ தாத்தாவோ போன பிறகு செடி மட்டும் மிஞ்சினால், அது வெறும் புதர். வெட்டத்தான் தோன்றும். செடியும் அதைப் பற்றிய அறிவும் சேர்ந்தே கைமாற வேண்டும். ஒன்று போனால் மற்றதும் வீண்.

இவை பார்க்க அழகாக இல்லை, புதர் மண்டினால் பாம்பு வரும் என்று சொல்கிறவர்களும் உண்டு. பயம் நியாயமானது. அதற்காகத்தான் பராமரிப்பு! வாரம் ஒருமுறை பறித்துச் சமைக்கும் கொடி புதராக மண்டாது. பறிக்காமல் விட்டால்தான் மண்டும். இடம் இல்லை என்பதும் பெரிய காரணம் அல்ல. பிரண்டைக்கும் பசலைக்கும் ஒரு பழைய பெயின்ட் வாளியும், ஜன்னல் கம்பியும் போதும். விடுதி அறையிலேயே முடியும்.

இன்று ஊரெங்கும் பழைய தனி வீடுகள் அடுக்குமாடிகளாக மாறுகின்றன. ஜேசிபி வரும் அன்று காலையில் கதவு, ஜன்னல், தேக்குச் சட்டம், ஓடு எல்லாவற்றையும் விலை பேசி எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். மதிலோடு சேர்ந்து விழும் பிரண்டையை யாரும் கேட்பதில்லை. அது காய்ந்து போவதற்குள் இரண்டு கணுவை ஒடித்து எடுத்துவந்தால் போதும். செலவு ஒன்றும் கிடையாது. நட்டு வளர்த்தவர் அடுத்த வருடம் பக்கத்து வீட்டுக்கு இரண்டு கணு கொடுத்தால் அந்தத் தெருவில் சங்கிலி அறுந்து போகாது.