சோதித்துப் பார்த்த பின்னரே

பிள்ளைகள் விளையாட்டிலேயே மூழ்கிக் கிடக்கின்றனர் என்று வருந்தும் பெற்றோர், அவர்களுள் சிலர் விளையாட்டுக் கருவிக்கு நிரல் எழுதவும் கற்பதைக் கவனிப்பதில்லை.

வால்வ் நிறுவனம் 2022 பிப்ரவரியில் வெளியிட்ட ‘ஸ்டீம் டெக்’ என்னும் கையடக்கக் கருவிக்கு, அந்நிறுவனத்தைச் சாராத ஆர்வலர்கள் ‘டெக்கி லோடர்’ என்னும் திறமூல மென்பொருளை அமைத்தனர். அதற்கான செருகுநிரலை எவரும் எழுதலாம். ஆனால் அதன் அங்காடியில் இடம்பெறுவது எளிதன்று. மூல நிரலைக் கிட்ஹப் தளத்தில் வெளிப்படையாக வைத்து, சேர்க்கை வேண்டுகோள் அளிக்க வேண்டும். பிறர் அதைத் தம் கருவியில் நிறுவிச் சோதிப்பர். வேண்டுகோள் அளிப்பவரும் மற்றவர்களின் இரு வேண்டுகோள்களைச் சோதித்துக் கருத்துரைக்க வேண்டும். இவ்விதி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இத்தனை கெடுபிடி எதற்கு? சில செருகுநிரல்கள் கருவியின் மீது முழு அதிகாரத்துடன் இயங்க வல்லவை. தீய எண்ணத்துடன் எழுதப்பட்டால் கடவுச்சொல்லும் களவு போகும். நம் அருப்புக்கோட்டை நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களிலும் சேலையை விரித்துப் பார்த்த பின்னர்தானே ஏற்கின்றனர்! அங்கே பார்ப்பவருக்குச் சம்பளம் உண்டு. இங்கே பார்ப்போர் தன்னார்வலர். ஆதலால் காத்திருக்கவும் நேரும்.

பொறுமையிழந்த சிலர் தம் நிரலை நேரடியாகவே பகிர்ந்துவிடுவதும் உண்டு. அத்தகையதைப் பிள்ளை நிறுவும்போது, இதனை யார் சோதித்தார் என்று ஒருமுறை கேளுங்கள்.