மலடி என்னும் வசைச்சொல்

மகளிர் பிணிகளுள் உடலை வருத்துவன பல. உடலோடு உள்ளத்தையும் ஒருங்கே வருத்துவன சில. சூலக நீர்க்கட்டி என வழங்கும் நோய் அச்சிலவற்றுள் ஒன்று. சிக்காகோ மருத்துவர்களாகிய ஸ்டெயின், லெவென்தால் என்போர் 1935 இல் இதனை விரித்துரைத்தனர். மாதவிடாய் தவறுதல், முகத்தில் உரோமம் வளர்தல், பருக்கள் தோன்றுதல், உடல் பருத்தல் ஆகியன இதன் குறிகள். பெயரிற் 'கட்டி' உளதேனும் அவை கட்டிகள் அல்ல. முதிராத முட்டைகளைத் தாங்கி நிற்கும் நுண்பைகளே. ஓமோன்களின் சமநிலை குலைதலால் விளைவது இந்நோய்.

இது பிறநாட்டுச் செய்தி அன்று. கம்பகா மாவட்டத்தில் 15 முதல் 39 வயது வரையுள்ள பெண்களிடை நிகழ்த்தப்பெற்று 2008 இல் வெளிவந்த ஆய்வு, நூற்றுக்கு 6.3 பேரிடம் இதனைக் கண்டது. பேராசிரியர் சந்திரிகா விஜேரத்ன முதலியோர் 2011 இல் வெளியிட்ட ஆய்வு, இந்நோயுற்ற நம் நாட்டுப் பெண்களிடம் மனத்துயர் மிகுந்திருத்தலைக் காட்டிற்று. 2023 ஆம் ஆண்டின் பன்னாட்டு மருத்துவ வழிகாட்டியோ, இந்நோயுற்றோர் யாவரிடத்தும் மனச்சோர்வும் பதற்றமும் உளவோ என ஆராய்தல் வேண்டும் என்கின்றது.

அத்துயரை வளர்ப்பது நோய் மட்டுமோ? எங்கள் மாத்தளையில், மணமாகி ஓராண்டு கழியுமுன்னரே, "என்ன பிள்ளை, இன்னும் விசேஷம் இல்லையா?" எனக் கேட்கத் தொடங்குவர். கேள்வி நாளடைவில் வசையாகும். 'மலடன்' என்னும் சொல்லும் தமிழில் உண்டு. தமிழ் கற்பிக்கும் யான் அதனை வீதியிற் கேட்டது அரிது. 'மலடி' என்பதையோ பன்முறை கேட்டுள்ளேன். இந்நோயுற்றோருட் பலர் தக்க சிகிச்சையால் மகப்பேறு எய்துகின்றனர். ஆதலின் அச்சொல் கொடியது மட்டுமன்று, பொய்யும் ஆகும்.

1996 முதல் நடைபெறும் சுகவனிதையர் கிளினிக்குகள் முதன்மையாக 35 வயதும் அதற்கு மேலும் உள்ளோரை நோக்கியன. நோயோ பெரும்பாலும் பூப்பெய்திய சில ஆண்டுகளிலேயே தலைகாட்டும். இடைப்பட்ட காலத்தில் அப்பெண் யாரிடம் வாய் திறப்பாள்? தோட்டத்து லயங்களுக்கும் ஊர் மனைகளுக்கும் செல்லும் குடும்பநல மாதர், மாதவிடாயைக் கேட்குங்கால் மனநிலையையும் தமிழிற் கேட்டறிதல் வேண்டும். பாடசாலைச் சுகாதாரப் பாடத்தில் இந்நோய் பேசப்படல் வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி எண்ணை யாவரும் அறிதல் நன்று.

இவை அரசினர் கடன். கணவனும் மாமியாரும் அவளைத் தனியே அனுப்பாது உடன்சென்று மருத்துவர் உரைப்பதைக் கேட்டல் வீட்டினர் கடன். வசைச்சொல்லை நாவிலிருந்து நீக்குதல் நம் எல்லோர்க்கும் உரிய கடன். அதற்குச் செலவு யாதுமில்லை.