கண்ணாடி மாளிகைக்குப் பசுமைச் சான்றிதழ்... பெரும்பாக்கத்துக்கு வெள்ளமா?



ஓஎம்ஆர் பக்கம் போனா பாருங்க. பல ஐடி கட்டடங்களுக்குப் ‘பசுமைக் கட்டடம்’னு சான்றிதழ் இருக்கு. கோல்டு, பிளாட்டினம்னு தரம் வேற. மின்சாரம் மிச்சம், தண்ணீர் மறுசுழற்சி, எல்லாம் நல்லதுதான். ஆனா அந்த மார்க் கட்டடத்துக்கு. ஊருக்கு யார் மார்க் போடுறது?

2019 ஜூன் ஞாபகம் இருக்கா? ஏரிகள் வறண்டுபோச்சு. ஓஎம்ஆர் கம்பெனிகள் சில, “தண்ணி இல்ல, வீட்டிலிருந்தே வேலை பாருங்க”ன்னு சொன்னாங்க. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்துச்சு. நாலே வருஷம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அதே தென்சென்னை தண்ணிக்குள்ள!

மழைநீரைத் தேக்கி வச்சு, நிலத்தடிக்கு அனுப்புனது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். ஒரு காலத்தில் ஏறத்தாழ 5,000 ஹெக்டேர். 2022-ல் ராம்சார் தளமாக அறிவிக்கப்பட்ட பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். மீதி எங்கே? ரோடாச்சு, கட்டடமாச்சு, பெருங்குடியில் குப்பைமேடாச்சு.

இப்போ அடுத்த கேள்வி. இந்தத் தாழ்வான நிலத்தில் யாரைக் கொண்டுபோய் குடிவச்சாங்க?

கூவம், அடையாறு கரையில் இருந்த உழைக்கும் மக்களை! 2000-ல் கண்ணகி நகர். பிறகு செம்மஞ்சேரி. 2015 வெள்ளத்துக்கு அப்புறம் பெரும்பாக்கம். ஆட்சி மாறுச்சு, கொள்கை மாறலை.

“வெள்ளத்திலிருந்து காப்பாத்தத்தான் மாத்தினோம்”னு சொல்றாங்க. அப்படின்னா சதுப்பு நிலத்து ஓரத்தில் ஏன் குடிவச்சீங்க? அடையாற்றுக்கு மேலேயே விமான ஓடுபாதை போட்டீங்களே, அது ஆக்கிரமிப்பு இல்லையா? குடிசை மட்டும்தான் ஆற்றை அடைக்குதா?

வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போற அம்மா, தினமும் 20 கிலோமீட்டருக்கு மேல பஸ்ஸில் போய் வரணும். எட்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்னா, குடத்தைத் தூக்கிட்டுப் படியேறணும். பகல் முழுக்க வெயில் குடிச்ச கான்கிரீட் தளம், ராத்திரி முழுக்க அந்த வெப்பத்தை வீட்டுக்குள்ள இறக்கும். கண்ணாடிக் கட்டடத்துக்கு ஏசி இருக்கு. அந்த ஏசி வெளியே தள்ளுற அனலும் தெருவில் நிக்கிறவங்களுக்குத்தான்.

இன்ஜினியரிங் படிச்ச யாரையும் கேளுங்க. எதிரெதிர் ஜன்னல், மேல்தளத்துக்கு வெள்ளைப் பூச்சு, ஜன்னலுக்கு மேல அகலமான சன்ஷேடு. ராக்கெட் விஞ்ஞானம் இல்ல. நம்ம தாத்தா காலத்து வீட்டில் முற்றமும் தாழ்வாரமும் செஞ்ச வேலைதான். செலவும் பெரிசில்லை. மனசுதான் இல்லை.

நம்ம கோரிக்கை தெளிவு:

1. பிழைப்பு இருக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே வீடு கொடு. 30 கிலோமீட்டர் தள்ளித் தூக்கிப் போடாதே.

2. பசுமைக் கட்டட விதியை முதலில் அரசு குடியிருப்புக்குக் கொண்டுவா. குளிர் கூரை, காற்றோட்டம், மழைநீர்த் தொட்டி, லிஃப்டுக்கும் மோட்டாருக்கும் சோலார்.

3. பள்ளிக்கரணையில் இனி ஒரு செங்கல்கூட வைக்க விடாதே. தண்ணி வர்ற வழியைத் திற.

பணக்காரன் மாடியில் நாலு தொட்டிச் செடி வச்சா பசுமை, ஏழை ஆற்றங்கரையில் குடிசை போட்டா ஆக்கிரமிப்பு. இந்தக் கணக்கை மாத்தாம எந்த ஊரும் பசுமை ஆகாது.

அடுத்த முறை ‘பசுமை நகரம்’னு விளம்பரம் பார்த்தா, கமெண்ட்ல ஒண்ணே ஒண்ணு கேளுங்க: “பெரும்பாக்கத்துக்கு எப்போ?”

படிங்க. பகிருங்க. கேள்வி கேளுங்க!

#பெரும்பாக்கத்துக்கு_எப்போ
#பள்ளிக்கரணையைக்_காப்போம்

– தகவல் தொழில்நுட்பப் பிரிவு