முதல் மருந்து சாலையை அடைப்பதே

கொள்ளை நோய்க்கு முன்கூட்டியே ஆயத்தம் செய்வது என்றவுடன் தடுப்பூசியையும், பிராணவாயுக் கலங்களையும், ஆஸ்பத்திரிப் படுக்கைகளின் எண்ணிக்கையையும் நினைக்கும் வழக்கம் 2020ஆம் ஆண்டு முதல் நம்மிடம் வேரூன்றிவிட்டது. நகரவாசிகளுக்கு அது பொருத்தமான நினைப்புத்தான். ஆயினும் நம் தேசத்தின் எல்லைக்குள்ளேயே, வெளியுலகின் வியாதிகளோடு பன்னெடுங்காலம் யாதொரு சம்பந்தமுமின்றி வாழ்ந்துவந்த சில நூறு பேருக்கு அந்த ஆயத்தம் வேறு விதமாகவே அமைய வேண்டும் என்பதையும், அதைச் செய்யக் கடமைப்பட்டவர்கள் அவர்களல்லர், நாமே என்பதையும் எடுத்துரைப்பது அவசியமாகிறது. அந்தமான் தீவுகளின் ஜாரவா மக்களைப் பற்றியே சொல்லுகிறேன்.

அவர்களுக்கு என்ன நேரக்கூடும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. அவர்களுடைய அண்டையரான பெரிய அந்தமானியருக்கு நேர்ந்தது எழுத்தில் இருக்கிறது. 1858இல் போர்ட் பிளேரில் கைதிகளின் குடியிருப்பை நிறுவிய பிரிட்டிஷ் சர்க்கார், அம்மக்களைச் சிநேகப்படுத்தும் பொருட்டு 1863 முதல் ‘அந்தமான் இல்லங்கள்’ என்ற பெயரில் விடுதிகளை ஏற்படுத்தி, உணவும் உடையும் புகையிலையும் தந்து, வனத்திலிருந்தவர்களை வரவழைத்தது. 1877இல் தட்டம்மை வந்தது. நமது குழந்தைகள் சில தினங்கள் படுத்து எழுந்துவிடுகிற அந்த நோய், இல்லங்களிலிருந்து வனக் குடிகளுக்கும் பரவி, தென் அந்தமானிலும் நடு அந்தமானிலும் வாழ்ந்தோரில் பாதிப்பேரையாவது கொண்டுபோயிருக்கும் என்பது, பின்னர் அவர்களுக்குப் பொறுப்பதிகாரியாக இருந்த போர்ட்மன் தமது சரித்திர நூலில் வெளியிட்ட அபிப்பிராயம். இதில் அம்மக்களின் தேகத்துக்கு யாதொரு குறையும் இல்லை. முன்னர் ஒருபோதும் ஒரு நோயைக் கண்டிராத சமூகத்தில் அது நுழையும்போது, கிழவர் முதல் கைக்குழந்தை வரை ஒரே வாரத்தில் படுத்துவிட, வேட்டைக்குப் போகவும் ஒரு வாய்த் தண்ணீர் கொண்டுவரவும் ஆளில்லாமற் போவதனால், பிழைத்திருக்கக் கூடியவர்களும் மாண்டுபோகிறார்கள். அம்மையோடு மேகநோயும் சேர்ந்துகொள்ள, ஆயிரக்கணக்கில் இருந்த பெரிய அந்தமானியர் 1901ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில் 625 பேராகவும், 1931இல் 90 பேராகவும், 1961இல் வெறும் 19 பேராகவும் குறைந்தனர். சர்க்காரை நம்பி நட்புப் பூண்டவர்கள் அழிந்தார்கள். வில்லெடுத்து அந்நியரை விரட்டிய ஜாரவரும் சென்டினல் தீவினரும் எஞ்சினார்கள். இதைக் காட்டிலும் கொடிய சாட்சியம் நாகரிகத்துக்கு எதிராக வேறு எங்கும் கிடைக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

அந்தச் சென்டினல் தீவிலும் 1880இல் போர்ட்மனின் கூட்டத்தார் ஒரு முதிய தம்பதியையும் நான்கு குழந்தைகளையும் பிடித்துப் போர்ட் பிளேருக்குக் கொண்டுவர, எல்லோரும் விரைவில் நோயுற்று, முதியவர் இருவரும் இறந்துபோக, குழந்தைகள் மாத்திரம் வெகுமதிகளோடு திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

ஜாரவா மக்கள் 1997இல்தான் தாமாகவே வனத்தை விட்டு வெளியே வரத் தொடங்கினர். முந்திய ஆண்டில் கால் முறிந்து கிடந்த ஓர் இளைஞனை ஆஸ்பத்திரியில் வைத்துக் குணப்படுத்தி அனுப்பியது இதற்கு ஒரு காரணம் என்பர். இரண்டே வருஷங்களில், 1999இல், அதே தட்டம்மை அவர்களையும் பற்றியது. 1877 மறுபடியும் நிகழாமற்போனதற்குக் காரணம், அவர்களிடையே சென்று, அவர்களுடைய பேச்சைக் கற்று, நம்பிக்கையைச் சம்பாதித்திருந்த ரத்தன் சந்திர கர் போன்ற வைத்தியர்கள் அச்சமயம் அருகில் இருந்ததே. அவருக்கு 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது நியாயமே. ஆனால், ஒரு நல்ல வைத்தியர் தக்க சமயத்தில் அருகில் இருப்பதை மட்டுமே நம்பி ஒரு ஜாதியாரின் ஆயுளை விட்டுவைக்கலாகாது.

ஏனெனில் நோய் வரும் வழி நமக்குத் தெரிந்த வழி. போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர்) வடக்கே திக்லிப்பூர் வரை செல்லும் அந்தமான் நெடுஞ்சாலை ஜாரவரின் காப்புக் காட்டை ஊடறுத்துப் போகிறது. அக்காட்டுப் பகுதியில் அதை மூடிவிடும்படி உச்ச நீதிமன்றம் 2002ஆம் வருஷம் மே மாதம் உத்தரவிட்டது. இத்தனை வருஷங்களாகியும் சாலை திறந்தே இருக்கிறது. போலீஸ் காவலோடு வாகனங்கள் குறித்த நேரங்களில் அணியணியாகப் போகின்றன. நிற்காதே, படம் எடுக்காதே, தின்பண்டம் கொடுக்காதே என்ற பலகைகளைக் கடந்து செல்லும் பிரயாணிகள் என்ன செய்கிறார்கள் என்பதை, உணவுக்காக ஜாரவா பெண்களை ஆடச் செய்த காட்சி 2012இல் வெளியானபோது தேசம் முழுவதும் பார்த்து வெட்கியது. மனிதனை வேடிக்கை பார்ப்பது பாவம் என்பது ஒருபுறமிருக்க, நீட்டிய பிஸ்கோத்தோடு நீட்டிய கையின் தொற்றும் சேர்ந்தே போகிறது என்பதைத்தான் நான் வற்புறுத்த விரும்புகிறேன்.

நடு அந்தமானிலும் வட அந்தமானிலும் குடியேறியிருப்பவர்கள், தமிழர் உட்பட, பிரசவத்துக்கும் வைத்தியத்துக்கும் இந்தச் சாலையையே நம்பியிருக்கிறார்கள் என்பது மெய். அவர்களுடைய கஷ்டத்தை அலட்சியம் செய்ய எவருக்கும் உரிமையில்லை. அதற்குப் பரிகாரம், தவறாமலும் விரைவாகவும் ஓடும் கப்பல்களும் வடக்கே ஒரு முழுமையான ஆஸ்பத்திரியுமேயன்றி, ஜாரவரின் வனத்தை எல்லோருக்கும் பாதையாக்குவதன்று. அவர்களை அருங்காட்சியகத்தில் வைப்பதுபோல் அடைத்து வைக்கலாமா என்று கேட்போரும் உண்டு. வெளியே வர விரும்புகிறவனைத் தடுக்கும்படி யாரும் சொல்லவில்லை. உள்ளே போகிற நம்மைத்தான் நிறுத்தச் சொல்லுகிறோம்.

நிறுத்தினால் பலன் உண்டா என்பதற்கு உலக சரித்திரத்தில் பிரத்தியட்சமான ருசு இருக்கிறது. 1918 நவம்பரில் ஆக்லாந்திலிருந்து வந்த ‘தலூன்’ என்ற கப்பல் விஷக்காய்ச்சலோடு மேற்கு சமோவாவில் தங்கு தடையின்றிக் கரையேற, அத்தீவினரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினர் மாண்டார்கள். அருகிலேயே உள்ள அமெரிக்க சமோவாவிலோ, கவர்னர் பாயர் கப்பல்களைத் தடுத்து நிறுத்தியமையால், ஒரு மரணமும் நேரவில்லை. அன்று இரு தீவுகளிலும் அந்நோய்க்கு மருந்து கிடையாது.

2020 ஆகஸ்டில் ஐம்பது சொச்சம் பேரே எஞ்சியிருந்த பெரிய அந்தமானியரில் பத்துப் பேருக்குக் கொரோனா கண்டது. கிரேட் நிக்கோபாரில், 2011ஆம் வருஷத்துக் கணக்கின்படி 229 பேரேயான ஷோம்பென் மக்கள் வாழும் தீவில், லட்சக்கணக்கானோரைக் குடியேற்றக்கூடிய துறைமுகத்துக்கும் நகரத்துக்கும் 2022இல் சுற்றுச்சூழல் அனுமதி தந்தாகிவிட்டது. 1877இன் பாடம் டில்லியில் யாருக்கும் ஞாபகமில்லை என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

சென்னையிலிருந்து விடுமுறைக்கு அந்தமான் செல்லும் தமிழன்பர்கள் அநேகர். பராடங் தீவின் சுண்ணாம்புக் குகைகளைக் காட்டுவதாக முகவர் சொன்னால், காட்டுச் சாலை வழியாகவா, கடல் வழியாகவா என்று கேளுங்கள். கடல் வழியாகப் போகும் ஏற்பாடு 2017இலேயே தொடங்கப்பட்டது. அவ்வழி அன்று இல்லையென்றால் அக்குகைகளைப் பார்க்காமலே ஊர் திரும்புங்கள்.